ஸ்டெப்னியில் ஒரு கட்டைவிரல்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையில் குரு ஒரு பெண். பெயர் கோகிலவாணி, நாற்பதை எட்டவில்லை. சீடனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவன் பெயர் சென்னியப்பன்.

கோயமுத்தூரில் கணபதி என்ற பகுதியில், உள்ளே தள்ளி ஒரு சந்தில் அவளுடைய பட்டறை. பழைய கார்களின் அலாய் வீல்கள் அங்கே வரும். குழியில் இடித்து விளிம்பு மடங்கியவை, கண்டவன் கையில் சிக்கிப் பாழானவை. கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று ஒரு வீல் எப்படி இருந்ததோ, அப்படியே அதைத் திரும்பக் கொண்டுவருவாள். பளபளவென்று ஆக்கிக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்கு எதிர்க் கடையைக் கை காட்டுவாள். அங்கே மெருகேற்றும் பஃபிங் மெஷின் காலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்கும்.

சென்னியப்பன் நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன். நூல் சுற்றிய ஒரு கோனில் ஒரு கறை இருந்தால் மொத்த லோடையும் திருப்பி அனுப்பியவன். அதற்காக மில்லில் அவனைப் பிடிக்காதவர்கள் நிறைய. மில் மூடியது. வீட்டில் சும்மா இருந்தால் மனைவி போடும் கோலத்தில் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவான் என்று பயந்து, அவனாகத்தான் பட்டறைக்கு வந்து நின்றான்.

"கத்துக்கறனுங்க" என்றான்.

"எதை?"

"சுத்தமா வேலை செய்யறதை."

"அது உங்களுக்கே தெரியுமேங்ணா. வேற எதாச்சும் கத்துக்கறதுன்னா வாங்க" என்றாள்.

அது அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் வந்துவிட்டான்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வந்திறங்கிய வீலை அன்றைக்கு யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது. வெறும் தண்ணீரில் கழுவிச் சுவரோரம் சாய்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். காலை வெயிலில் பார்க்க வேண்டும், உச்சி வெயிலில் பார்க்க வேண்டும், விளக்குப் போட்ட பிறகும் பார்க்க வேண்டும். மறுநாள்தான் கையை அவிழ்க்கலாம்.

"நாள் பூரா என்னங்க பாக்கறது அம்மணி?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"பாருங்க. தெரியும்."

அவன் பார்த்தான். கீறல் தெரிந்தது. பொத்தல் தெரிந்தது. மேலே பூசிய லாக்கர் வார்னிஷ் உரிந்த இடம் தெரிந்தது. இதற்கு எதற்கு ஒரு நாள் என்று நினைத்துக்கொண்டான்.

*

ஒரு நாள் கஜேந்திரன் வந்தார். பம்ப் செட் கம்பெனி வைத்திருப்பவர். அவரிடம் ஜப்பான்காரன் எழுபதுகளில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. பினாங்கிலிருந்து கப்பலில் வந்த வண்டி. என்ன கம்பெனி, என்ன மாடல் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், கதை நின்றுபோகும்.

வண்டியின் நாலு வீலும் கண்ணாடி மாதிரி இருந்தன. முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"எவன் பண்ணினான் இதை?" என்றாள் கோகிலவாணி.

"முன்னாடி வச்சிருந்தவங்க பண்ணினது. நானும் நல்லாத்தான் இருக்குதுன்னு நினைச்சேன். அடுத்த மாசம் பழைய வண்டிக் கண்காட்சி இருக்குது. அசல் வண்டிக்குன்னு ஒரு பிரிவு. அதுல இந்த வீலைப் பார்த்ததும் வெளியே போன்னு சொல்லிடுவாங்களாம்."

"சொல்லத்தான் சொல்லுவாங்க."

"அசல் எப்படி இருக்கும்னு யாருக்குமே தெரியலையே மேடம்."

அவள் டிக்கியைத் திறக்கச் சொன்னாள். பாயைத் தூக்கினாள். பலகையை நகர்த்தினாள். அடியில் ஸ்டெப்னி கிடந்தது. ஒரு நாளும் தரையில் ஓடாத வீல். ஜப்பானில் எவனோ போல்ட்டை முடுக்கி வைத்தது, அப்படியே இருந்தது.

அவளே அதைத் தூக்கி வந்து வெயிலில் வைத்தாள்.

அது பளபளக்கவில்லை. முகத்தில் லேத் ஓடிய மெல்லிய கோடுகள், எவர்சில்வர் தட்டின் அடியில் இருக்குமே, அந்த மாதிரி வட்டம் வட்டமாக. வெயில் பட்டதும் விசிறி போல ஒரு வெளிச்சம் அதன்மேல் திரும்பியது. ஸ்போக்குகளுக்கு நடுவே பள்ளத்தில் அடர்த்தியான சாம்பல் நிறம். மேலே லாக்கர், வயசாகி லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. ஒரு ஸ்போக்கின் ஓரத்தில் சாம்பல் பெயிண்ட் கொஞ்சம் வழிந்து வெளியே வந்திருந்தது. அதை எவனோ கட்டைவிரலால் துடைத்திருக்கிறான். சரியாகத் துடைபடவில்லை. ரேகை அப்படியே பதிந்து, அதன்மேல் லாக்கர் மூடியிருந்தது.

கோகிலவாணி சிரித்து சென்னியப்பன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"பாருங்ணா, அவசரம். அடுத்த வீல் வந்திருக்கும். வரிசை ஓடிட்டு இருந்திருக்கும்."

"இந்த வழிசலையும் நாலுலயும் போடோணுங்களா?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"வேண்டாமுங். அது அது பாட்டுக்கு இருக்கட்டும். நிறம், கோடு, மங்கல், மூணுக்கும் இதுதான் அளவு. மத்த நாலும் இதைப் பாத்து. இது ஒண்ணு போச்சுன்னா நமக்குக் கண்ணே போன மாதிரி."

கஜேந்திரனும் தலையை ஆட்டினார். "நாலும் அஞ்சாவது மாதிரி இருக்கணும், அவ்வளவுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு வேறு வீல்களை மாட்டிக்கொண்டு, அஞ்சையும் விட்டுப் போனார்.

*

நாலு வீல்களையும் லேத்தில் எப்படி ஓட்டுவது, சாம்பல் நிறத்தை எப்படிக் கலப்பது எல்லாம் அவளே காட்டிக்கொடுத்தாள். லாக்கர்தான் சிக்கல். கடையில் கிடைப்பதெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னும். ஸ்டெப்னியில் இருப்பது அப்படி மின்னாது. மெட்ராஸில் ஒருவர் பழைய மாதிரி லாக்கர் கலந்து தருவார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினாள்.

"நாலையும் லேத்துல முடிச்சு, நிறம் அடிச்சு வையுங்க. லாக்கர் நான் வந்து போட்டுக்கறேன்."

"சரிங் அம்மணி."

சென்னியப்பனின் கை நல்ல கை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நாலு வீலும் அச்சில் வார்த்தது போல வந்தன. கோடு கோடாகப் படிந்தது. சாம்பல் நிறம் ஸ்போக் ஓரத்தில் பிளேடு வைத்து வெட்டியது போல நின்றது. வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தான். பக்கத்தில் ஸ்டெப்னி.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான்.

நாலும் அழகாக இருந்தன. அஞ்சாவது அசிங்கமாக இருந்தது. மஞ்சள் பூத்த லாக்கர். அதில் ஒரு கட்டைவிரல். பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ ஒரு சோம்பேறி, பெயிண்டை வழியவிட்டு, துணி எடுக்க வலித்து, விரலால் இழுகிவிட்டுப் போயிருக்கிறான். அதைத் தரம் பார்க்கிறவன் ஒருத்தன் பார்த்திருக்கிறான், பார்த்தும் விட்டிருக்கிறான். மில்லாக இருந்தால் இரண்டு பேரையும் கேட்டுக்குள் விட்டிருக்க மாட்டான். இத்தனை வருஷம் யாருமே கேட்காமல் ஒரு தப்பு டிக்கிக்குள் சொகுசாகப் படுத்திருக்கிறது.

கையை அவிழ்த்தான்.

பெயிண்ட் கரைக்கும் ரிமூவரை ஸ்டெப்னிமேல் ஊற்றினான். லாக்கர் தோல் போலக் கழன்று வந்தது. லேத்தில் ஏற்றினான். நிறம் அடித்தான். அடித்த கையோடு, பட்டறையில் இருந்த லாக்கரையே அஞ்சுக்கும் போட்டான். லாக்கருக்காக அம்மணி எதற்கு மெட்ராஸ் வரை அலைய வேண்டும் என்று அவளுக்காகப் பரிதாபமும் பட்டான்.

*

கோகிலவாணி பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தாள். டீ கூடக் குடிக்கவில்லை. கையில் லாக்கர் டின். மூடியை நெம்பித் திறந்து, ஒரு தகரத் துண்டில் தொட்டுத் தடவி, ஊதிக் காயவைத்தாள்.

"அந்த ஸ்டெப்னியை எடுங்ணா, பக்கத்துல வச்சுப் பாக்கலாம்."

சென்னியப்பன் சுவரைக் காட்டினான். அஞ்சு வீல்கள் நின்றன.

"எதுங்ணா?"

"நீங்களே கண்டுபுடிங்க பாக்கலாம்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். கடைசி வீலுக்கு வந்தபோது கையில் இருந்த தகரம் கீழே விழுந்தது.

"எங்கீங்க அது?"

"இதுல ஒண்ணுதானுங்."

"எங்கீங்க அது?"

"எல்லாம் ஒண்ணாட்டம் பண்ணிட்டனுங். அந்த வழிசலைப் பாத்தா வேலை செஞ்ச மாதிரியே..."

"யாரைக் கேட்டுக் கை வச்சீங்க?"

எதிர்க் கடையில் பஃபிங் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கோயமுத்தூரில் திட்டினாலும் மரியாதை குறையாது. அதனாலேயே திட்டு இன்னும் ஆழமாக இறங்கும்.

"யாரைக் கேட்டுக் கை வச்சீங்கன்னு கேக்கறேன். அதுக்கு என்ன நோவு வந்துச்சு? உங்களைச் செஞ்சு குடுங்கன்னு கேட்டுச்சா? அஞ்சாவது மாதிரி நாலைப் பண்ணச் சொன்னா, நாலு மாதிரி அஞ்சாவதைப் பண்ணி வச்சிருக்கீங்களே, அறிவிருக்குதுங்களா?"

சென்னியப்பனுக்கும் ரோஷம் வந்தது. ஊரையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவன் அவன்.

"என்ன தப்புப் பண்ணிட்டனுங்க? கோடு பாருங்க, நிறம் பாருங்க. ஒரு நூல் வெளிய வந்திருக்குதா? அந்த ஜப்பான்காரனே இத்தனை சுத்தமாச் செய்யலீங்."

"ஆமாங். அவன் செய்யல. அவன் செஞ்சது எங்கீங்க?"

அவன் மறுபடியும் சுவரைக் காட்டினான்.

அவள் லேத்துக்கு அடியில் இருந்த தட்டை இழுத்தாள். அலுமினியச் சுருள் நிறையக் கிடந்தது, அஞ்சு வீலிலிருந்தும் வந்தது எல்லாம் ஒன்றாக. ஒரு பிடி அள்ளி அவன் முன்னால் நீட்டினாள்.

"இதுல எதுங்க அது?"

"அம்மணி..."

"பொறுக்கி எடுங்க. நீங்கதான் சுத்தமா வேலை செய்யறவராச்சே. பொறுக்கி எடுத்து ஒட்டி வையுங்க."

சுருளின் முனை கிழித்து அவள் உள்ளங்கையில் ரத்தம் வந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

*

கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நினைத்து சென்னியப்பன் மெல்ல வந்தான்.

"அன்னைக்கு ஸ்டெப்னியைப் போனுல போட்டோ எடுத்து வச்சீங்களே அம்மணி. அதைப் பாத்துத் திருப்பிப் பண்ணிப்போடலாமுங்."

அவள் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். ஒரு படத்தில் பள்ளத்தின் நிறம் கறுப்பாக இருந்தது. இன்னொன்றில் நீலம் ஓடியது. வெயிலில் எடுத்ததில் வெறும் வெள்ளை. கட்டைவிரல் எதிலுமே விழவில்லை.

"எதுங்ணா நிசம்?"

அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"சரிங். நிறம் தெரியாமப் போயிருச்சுன்னே வையுங்க. அந்த விரல் கறை போனதுக்கு எதுக்குங்க இத்தனை கோபம்? அது ஒரு கறைதானுங்களே?"

கோகிலவாணி மூலையில் கிடந்த ஒரு காயலான் கடை வீலை உருட்டி வந்து அவன் முன்னால் போட்டாள். சாம்பல் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்தாள்.

"போடுங்க."

"எதையுங்?"

"அந்தக் கறையைத்தான். கறைதானே? இடம் உங்க இஷ்டம்."

இதென்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தான். பெயிண்டை வழியவிட்டான், கட்டைவிரலால் இழுத்தான். பார்த்தான். பொட்டு வைத்தது போல இருந்தது. தின்னரில் துடைத்துவிட்டு வேகமாக இழுத்தான். கோடு போட்டது போல இருந்தது. மெதுவாக இழுத்தான். கையெழுத்துப் போடத் தெரியாதவன் கைநாட்டு வைத்தது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தான். அது கண்ணை மூடிக்கொண்டு இழுத்தது போலவே இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. விரல் நுனி தின்னரில் வெளுத்துச் சுருங்கிவிட்டது. சாயங்காலம் துணியைச் சுருட்டி வீல்மேல் வீசி அடித்தான்.

"வரமாட்டீங்குது!"

"கோபம் வருதுங்களா?"

"வருதுங்!"

"எனக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைத்தாள்.

*

மறுநாள் அவள் கஜேந்திரனுக்குப் போன் போட எடுத்தாள்.

சென்னியப்பன் கையைப் பிடிக்காத குறைதான். "வேண்டாமுங் அம்மணி. அவருக்குத் தெரியவே தெரியாதுங். அஞ்சும் ஒண்ணாட்டம் இருக்குது. இதுதான் ஸ்டெப்னின்னா நம்பிக்குவாரு."

"அதனாலதான் சொல்றேன்" என்று அவள் நம்பரை அழுத்தினாள்.

கஜேந்திரன் வந்தார். கோகிலவாணி உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"உங்க ஸ்டெப்னி போச்சுங்க சார். என்னோட பட்டறையில போச்சு. அசல் ஃபினிஷ் எப்படி இருந்துச்சுன்னு காட்ட இனி ஒண்ணுமில்ல. இந்த அஞ்சும் நாங்களா குத்துமதிப்பாப் பண்ணினது. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

சென்னியப்பன் தலையைக் குனிந்து நின்றான். மில் வாழ்க்கையில் எத்தனை பேரைத் தன் முன்னால் இப்படி நிற்கவைத்தோம் என்று அவனுக்கு ஞாபகம் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்.

கஜேந்திரன் குனிந்து அஞ்சையும் பார்த்தார். விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அட்டகாசமா இருக்குதே மேடம்!"

"சார், நான் சொன்னது காதுல விழுந்துச்சுங்களா?"

"விழுந்துச்சு. அந்த ஸ்டெப்னி பழசா அழுக்கா இருந்துச்சு. இது ஜம்முனு இருக்குது. இதுதான் அசல் மாதிரி இருக்குது. யாரு, இவரா பண்ணினாரு?" என்று சென்னியப்பனின் தோளில் தட்டினார். "கை சும்மா கில்லி மாதிரி இருக்குதே உங்களுக்கு!"

சென்னியப்பன் தலை நிமிர்ந்தது. அவன் கோகிலவாணியைப் பார்த்தான். பார்த்தீர்களா என்று வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது.

அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே ஆத்திரம் வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

"அசல் பிரிவுல வைக்காதீங்க சார்" என்றாள்.

"ஏன்?"

"அசல் இல்ல."

"உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும்" என்று சிரித்துவிட்டு, டிரைவரைக் கூப்பிட்டு வீல்களை ஏற்றச் சொன்னார்.

*

கண்காட்சிக்கு அவள் போனாள். சென்னியப்பனும் கூடப் போனான். திறந்த மைதானத்தில் ஷாமியானா போட்டு, வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கஜேந்திரன் வண்டி அசல் பிரிவில், முதல் வரிசையில் நின்றது. டிக்கி திறந்திருந்தது. ஸ்டெப்னியை வெளியே எடுத்து வெல்வெட் துணிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள்.

நடுவர் வெளியூர்க்காரர். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. ஒவ்வொரு வீலாகப் பார்த்துவிட்டு ஸ்டெப்னிக்கு வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பிரமாதம். கம்பெனியில இருந்து நேத்து வந்த மாதிரி இருக்கு" என்றார்.

கோகிலவாணி முன்னால் போனாள்.

"சார், இது கம்பெனி ஃபினிஷ் இல்லீங்க. என்னோட பட்டறையில பண்ணினது. அசலை நாங்க அழிச்சுட்டோம்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கஜேந்திரன் முகம் சிவந்துவிட்டது. "மேடம், கொஞ்சம் சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்தார்.

நடுவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலு வீலையும் நீங்க சரி பண்ணீங்கன்னு ஓனரே சொன்னார்ம்மா. அதுல தப்பில்ல, ஸ்டெப்னியைப் பார்த்துப் பண்ணினது. அதுக்கு விதியில இடம் இருக்கு."

"ஸ்டெப்னியும் நாங்க பண்ணினதுதானுங்க."

"அப்படின்னா எப்படிம்மா அஞ்சும் ஒண்ணுபோல இருக்கு? எங்கயாவது வித்தியாசம் காட்டுங்க பார்ப்போம்."

"வித்தியாசம் இருந்துச்சுங்க. அதைத்தான் அழிச்சுட்டோம்னு சொல்றேன்."

"இல்லாததை நான் எப்படிம்மா பார்க்கறது?" என்றார் நடுவர், கொஞ்சம் எரிச்சலாக. அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார்.

அவள் சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். கை வைத்தவன் அவன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் ரிமூவர் ஊற்றினேன் என்று சொன்னால் நடுவர் நின்றிருப்பார்.

சென்னியப்பன் ஷாமியானாவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கஜேந்திரனுக்குக் கோப்பை கொடுத்தார்கள்.

*

அதற்குப் பிறகு பட்டறை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் அவனைப் போகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீலையும் அவன் கையில் கொடுக்கவில்லை. வீல் வரும். கழுவி வைப்பாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பான். மறுநாள் அவள் வேலை செய்வாள், அவன் அப்போதும் பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். கூட்டச் சொன்னால் கூட்டுவான்.

மில் மூடிய அன்றுகூட அவன் இப்படிக் கஷ்டப்படவில்லை. சோறு இறங்கவில்லை. அவள் ஒரு வீலை நீட்டி, "பாருங்ணா" என்று பழையபடி ஒரு தடவை சொல்லிவிட மாட்டாளா என்று காத்துக்கிடந்தான். பட்டறைக்கு வெளியே சக்கரத்துக்கா பஞ்சம், வேறு இடத்தில் நல்ல சம்பளத்துக்குப் போகலாம். போகவில்லை. அவள் கோபம் ஆறாமல் போனால் தான் கற்றுக்கொண்டது எதுவும் நிற்காது என்று அவனுக்குத் தோன்றியது.

மன்னிப்புக் கேட்டான். "சரிங்" என்றாள். முகம் மாறவில்லை.

அவளுக்குப் பிடிக்கும் என்று சொந்த ஊரிலிருந்து தேங்காய் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கி வைத்துக்கொண்டாள். முகம் மாறவில்லை.

கஜேந்திரன் ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். மைசூர்பா டப்பாவை மேசைமேல் வைத்தார். கண்காட்சியில் நடந்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார். சென்னியப்பனைக் கூப்பிட்டுக் கை குலுக்கிவிட்டுப் போனார்.

டப்பாவை யாரும் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எறும்பு வரிசை ஏறியது.

சென்னியப்பனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணுங்."

"கேளுங்க."

"வண்டிக்காரரே கோவிச்சுக்கல. இனிப்புக் குடுத்துட்டுப் போறாரு. நடுவரு கோப்பையே குடுத்துட்டாரு. அன்னைக்கு அந்த மைதானத்துல வாயைத் தொறக்காம நின்னது தப்புத்தான், ஒத்துக்கறனுங். அதுக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுட்டன். ஊர்ல இதுக்காக வெசனப்படறவங்க ஒருத்தருமில்ல. உங்களுக்கு மட்டும் ஏனுங்க ஆற மாட்டீங்குது? கத்துக்குடுக்கறவங்க கோபத்தை விட்டவங்களா இருக்கோணும்னு சொல்லுவாங்க."

அவள் கையில் இருந்த எமரி உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கட்டைவிரல் எந்த ஸ்போக்குல இருந்துச்சுங்ணா?"

"எதுங்?"

"நீங்க அழிச்சது. காத்தடிக்கற வால்வுக்கு எந்தப் பக்கம்?"

சென்னியப்பன் வாயைத் திறந்தான். வலது என்று சொல்ல வந்தான். கண்ணை மூடி அந்த வீலைத் தன் முன்னால் கொண்டுவரப் பார்த்தான். வந்தது. கோடு கோடாக, சுத்தமாக, அவன் செய்து வைத்த வீல்தான் வந்தது.

"வலதுன்னு... இல்லீங், இடது... தெரியலீங்."

"விரல் மேல பாத்து இருந்துச்சா, கீழ பாத்தா?"

"தெரியலீங்."

"மஞ்சள் எங்க ஜாஸ்தியா இருந்துச்சு, ஓரத்துலயா நடுவுலயா?"

அவன் தலையை ஆட்டினான்.

"கஜேந்திரன் சாருக்குத் தெரியுமுங்களா?"

"அவரு சரியாப் பாத்தே இருக்க மாட்டாருங்."

"நடுவருக்கு?"

எதிர்க் கடையில் பஃபிங் மெஷின் கத்திக்கொண்டிருந்தது.

"அந்த வீல் எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்குத் தெரிஞ்சு வச்சிருக்கறது என்னோட கோபம் ஒண்ணுதானுங்ணா" என்றாள் கோகிலவாணி. "அதையும் தொடச்சுப்போடச் சொல்றீங்களா?"